சாவு வீட்டில் வராத கண்ணீர் கல்யாண வீட்டில் வந்தது ஏன்?

நீங்கள் பதிவில் எழுதியதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. ஏழு மாதத்துக்கு முன்பு அப்பா மாரடைப்பில் இறந்துவிட்டார். நீங்கள் மூத்த மகன். ஃப்ரீசர் பாக்ஸுக்குச் சொல்வதில் ஆரம்பித்து, கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு நல்ல படமாகத் தேடிக் கொடுப்பது, கொள்ளி வைப்பது, பதினாறாம் நாள் காரியம் வரை எல்லாவற்றையும் நீங்களே பார்த்தீர்கள். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. ‘கல்லு மாதிரி நிக்கிறான் பாரு’ என்று அத்தை சொன்னது காதில் விழுந்தது. போன மாதம் தங்கை கல்யாணம். அப்பா இருந்தபோதே நிச்சயம் செய்தது. அம்மா பின்வரிசை நாற்காலியில் இருக்க, சித்தப்பாவும் சித்தியும் மணையில் உட்கார்ந்து தாரை வார்த்தார்கள். மாலையில் தங்கையை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும்போது கார் கதவைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதுவிட்டீர்கள், கால் மணி நேரம் நிறுத்த முடியவில்லை. அன்றைக்கு அழாதது ஏன், நல்ல நாளில் அழுதது ஏன், இது மனநோயா என்று கேட்கிறீர்கள். கடைசியில் போகிற போக்கில், ‘அதற்கப்புறம் அம்மாவும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை’ என்று ஒரு வரி.

நோயா என்ற கேள்விக்குப் பதில் சுலபம். நீங்கள் எழுதியதில் நோய்க்கான அடையாளம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. நோயா என்ற அந்த ஒரு கேள்விக்காக நீங்கள் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டீர்கள். ‘அழாத எனக்கு அப்பா மேல் பாசம் இருந்ததா’ என்பதுதான் உங்களை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன். நான் தென்மாவட்டம் ஒன்றில் மனநல மருத்துவராக இருக்கிறேன். சாவு நடந்த குடும்பங்களோடு உட்கார்ந்து பேசுவது பல வருடங்களாக என் வேலையில் ஒரு பகுதி. அந்தப் பழக்கத்தில் பதில் எழுதுகிறேன். ஆளைப் பார்க்காமல், நேரில் பேசாமல் எழுதுவதற்கு ஒரு எல்லை உண்டு என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உடம்பு, ஏனென்றால் அதில்தான் நிச்சயமாகச் சொல்லக்கூடிய விஷயங்கள் அதிகம். கண்ணில் எப்போதும் ஒரு மெல்லிய நீர்ப்படலம் இருக்கிறது. ஒரு கண்ணுக்கு 7 முதல் 10 மைக்ரோலிட்டர், அதாவது ஒரு சொட்டுக் கண் மருந்தைவிட மிகக் குறைவு. கண்ணைக் காயாமல் வைத்திருப்பதும் கிருமியை அண்டவிடாமல் பார்ப்பதும் இதன் வேலை. (பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், அதற்கு முன்பே 1922ல் லைசோசைம் என்ற கிருமிகொல்லிப் பொருளைப் பற்றி எழுதினார். அது கண்ணீரில் நிறைய இருக்கிறது. அந்த ஆராய்ச்சிக்காக எலுமிச்சைச் சாறு விட்டுக் கண்ணீர் சேகரித்தார்கள்!) வெங்காயம் நறுக்கும்போதும் தூசி விழும்போதும் வருவது இரண்டாவது வகை. மனம் கலங்கி வருவது மூன்றாவது. பின்னிரண்டும் கொட்டுவது புருவத்தின் வெளி ஓரத்துக்குக் கீழே, எலும்புக் குழிக்குள் இருக்கும் ஒரே சுரப்பியிலிருந்துதான். அந்தச் சுரப்பிக்கு உத்தரவு கொண்டுபோவது முகநரம்பின் வழியாக வரும் தன்னியக்க இழைகள். துக்கத்துக்கு ஒரு குழாய், சந்தோஷத்துக்கு ஒரு குழாய் என்று தனித்தனியாகக் கிடையாது. மூளையில் உணர்ச்சி பொங்கும் இடங்களிலிருந்து கிளம்பும் செய்தி எதுவாக இருந்தாலும் கடைசியில் இந்த ஒரு வழியாகத்தான் வந்து சேரவேண்டும்.

வடிகாலும் உண்டு. மூக்கை ஒட்டிய கண் ஓரத்தில், மேலிமையிலும் கீழிமையிலும் ஊசிமுனை அளவு ஒவ்வொரு துளை இருக்கும். கண்ணாடியில் கிட்டப் போய்ப் பார்த்தால் தெரியும். கண்ணீர் அதன் வழியாக மூக்குக்குள் இறங்கிவிடுகிறது. அழுகிறவர்கள் முந்தானையில் மூக்கைச் சிந்துவது அதனால்தான். சுரக்கிற நீர் வடிகாலின் கொள்ளளவைத் தாண்டினால்தான் கன்னத்தில் வழியும். ஆகவே ‘ஒரு சொட்டுக்கூட வரவில்லை’ என்று சொல்கிறவர்களில் பலருக்குக் கண்ணீர் சுரக்காமல் இருந்ததில்லை, வழியாமல் இருந்திருக்கிறது. அன்றைக்குப் பலமுறை மூக்கை உறிஞ்சினீர்களா, தொண்டையில் ஏதோ அடைத்ததுபோல் இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். நான் கேட்டுப் பார்த்தவர்களில் முக்கால்வாசிப்பேர் ‘ஆமா, அது இருந்தது’ என்கிறார்கள்.

இந்த ஏற்பாடு பிறக்கும்போதே முழுதாக வந்துவிடுவதில்லை. பிறந்த குழந்தை வீடே அதிரக் கத்தும், கண் நனையாது. சார்லஸ் டார்வின் உணர்ச்சிகளைப் பற்றி 1872ல் எழுதியபோது தன் குழந்தையிடம் கண்டதைக் குறித்து வைத்திருக்கிறார். 77 நாள் குழந்தையின் கண்ணில் அவருடைய கோட்டுக் கை தற்செயலாக உரசிவிட்டது. உரசிய கண்ணில் தாராளமாக நீர் வந்தது, குழந்தை வீறிட்டு அழுதும் மற்றக் கண் ஏறக்குறைய காய்ந்தே இருந்தது. தூசிக்கு வரும் கண்ணீர் முந்திவிடுகிறது, மனதுக்கு வருவது பிந்துகிறது. பல வாரம் கழித்துத்தான் அழுகையும் கண்ணீரும் சேர்கின்றன. அந்தச் சேர்க்கை வாழ்நாள் முழுக்க ஆளுக்கு ஆள், வீட்டுக்கு வீடு மாறிக்கொண்டேதான் இருக்கும். அமெரிக்காவில் வில்லியம் ஃப்ரே என்பவர் 1980களில் ஆட்களை நாட்குறிப்பு எழுதவைத்துப் பார்த்ததில், பெண்கள் மாதத்துக்குச் சராசரியாக 5.3 முறையும் ஆண்கள் 1.4 முறையும் அழுததாக வந்தது. அந்த ஊர்க் கணக்கை நம் ஊருக்கு அப்படியே எடுத்து வர முடியாது. ஆண், பெண் வித்தியாசம் இருக்கிறது என்ற அளவுக்கு நம்பலாம். அதில் எவ்வளவு ஹார்மோன், எவ்வளவு ‘ஆம்பளப் புள்ள அழலாமா’ என்று நான்கு வயதிலிருந்து கேட்டது என்பதைப் பிரித்துச் சொல்வது கஷ்டம்.

இனி உங்கள் கேள்வியின் நடு இடத்துக்கு வருவோம். கண்ணீர் எப்போது வருகிறது? துக்கம் உச்சத்தில் இருக்கும்போது வரும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். என் அனுபவத்தில் அது பாதி நேரம்தான் சரி. மூட்டை சுமந்து வருகிறவனுக்கு, இறக்கி வைத்த பிறகுதான் கை நடுங்கும். 1979ல் எஃப்ரான், ஸ்பாங்லர் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதையே ஒரு கோட்பாடாகச் சொன்னார்கள்: முதலில் உடம்பு முறுக்கேறுகிறது, பிறகு ஏதோ ஒன்று நடந்து அந்த முறுக்கு தளர்கிறது, தளரும் அந்த இடத்தில்தான் பெரியவர்கள் அழுகிறார்கள். காணாமல் போன பிள்ளையைத் தேடும்போது தாய் அழமாட்டாள், ஓடுவாள், கத்துவாள், போலீஸ்காரரைப் பிடித்து உலுக்குவாள். பிள்ளை கிடைத்துக் கையில் வந்ததும் உட்கார்ந்து அழுவாள். அழும்போது உடம்பை அளந்து பார்த்த ஆய்வுகளும் இதற்குப் பக்கத்தில் வருகின்றன. அழுகை கிளம்பும் நேரத்தில் இதயத் துடிப்பு கூடுகிறது, அழ ஆரம்பித்த பிறகு இறங்குகிறது, மூச்சு மெல்ல நிதானத்துக்கு வருகிறது. எல்லா அழுகைக்கும் இந்த ஒரு விளக்கம் போதும் என்று நான் சொல்லமாட்டேன். அவமானத்தில் வரும் கண்ணீருக்கு இது சரியாகப் பொருந்துவதில்லை. உங்களுக்குப் பொருந்துகிறது.

உங்கள் அப்பா இறந்த அன்று உங்களுக்கு என்ன வேலை இருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆஸ்பத்திரியில் கையெழுத்து, ஆம்புலன்ஸ், சொந்தக்காரர்களுக்கு போன், சாமியானா, நாற்காலி, வருகிறவர்களுக்குக் காபி, மாலை, கோடித்துணி, சுடுகாட்டில் சொல்லிவைப்பது, வெளியூரிலிருந்து தம்பி வந்து சேர எத்தனை மணியாகும் என்று பார்த்து ‘எத்தனை மணிக்கு எடுப்பது’ என்று முடிவு சொல்வது. நம் ஊர்ச் சாவு வீட்டில் அழுகைக்கும் வேலைப் பிரிவினை உண்டு. பெண்கள் உள்ளே வட்டமாக உட்கார்ந்து தோளோடு தோள் கட்டி ஒப்பாரி வைப்பார்கள். கேதம் கேட்க ஒரு கூட்டம் தெருமுனையில் வரும்போதே அடங்கியிருந்த அழுகை மறுபடி எழும். வந்தவள் செத்தவருக்கு என்ன முறையோ அந்த முறை வைத்து அவரைக் கூப்பிட்டு அழுவாள், உள்ளே இருப்பவள் பதில் சொல்லி அழுவாள். அதை நடிப்பு என்று சொல்கிற படித்தவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அழுவதற்கு ஒரு இடம், ஒரு நேரம், ஒரு ராகம், பக்கத்தில் ஒரு தோள் எல்லாம் முன்கூட்டியே தயாராக இருப்பதால் அங்கே கண்ணீர் வர வழி இருக்கிறது, அவ்வளவுதான். ஆண்கள் வெளியே நின்று பாடை கட்டுவார்கள், கணக்குப் பார்ப்பார்கள். அந்தப் பக்கத்தில் தோளும் கிடையாது, ராகமும் கிடையாது. அதிலும் மூத்த மகன் என்றால் எல்லோரும் அவனைத்தான் கேட்பார்கள். பத்து நிமிடத்துக்கு ஒருவர் வந்து ‘தம்பி, இது என்ன பண்ணலாம்’ என்று கேட்கும்போது உடம்பு முறுக்கை எப்படித் தளர்த்தும்?

அந்த முறுக்கு எப்போது தளரும் என்பது கையில் இல்லை. என்னிடம் வந்தவர்கள் சொன்ன இடங்களைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். (அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் சொல்கிறேன்.) ஒருவர் சுடுகாட்டில் கல்லாக நின்றுவிட்டு, சில மாதம் கழித்து அப்பாவின் சிம்முக்கு ரீசார்ஜ் முடிகிறது என்று குறுஞ்செய்தி வந்ததும் கடைத்தெருவில் ஸ்கூட்டரை ஓரங்கட்டி அழுதிருக்கிறார். அந்த எண்ணுக்கு இனி யாரும் பேசப்போவதில்லை என்று அவருக்குத் தெரியும், இருந்தாலும் ரீசார்ஜ் செய்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தாராம். இன்னொரு பெண், வங்கியில் மேனேஜர் ‘உங்க வீட்டுக்காரர் எப்படிம்மா போனாரு’ என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டபோது. அதுவரை அவரிடம் பேசிய எல்லோரும் நாமினி, இறப்புச் சான்றிதழ், ஜெராக்ஸ் பற்றித்தான் கேட்டிருந்தார்கள்.

உங்களுக்கு அது கார் கதவுக்குப் பக்கத்தில் நடந்திருக்கிறது. அங்கே என்ன நடந்தது என்று பார்ப்போம். அப்பா ஏற்றுக்கொண்டு முடிக்காமல் போன பெரிய பொறுப்பு அந்தக் கல்யாணம். ஆறு மாதம் மண்டபம், சமையல், நகை, சீர் என்று அதை நீங்கள் சுமந்தீர்கள். தாலி ஏறிவிட்டது, பந்தி முடிந்துவிட்டது, பெண் வண்டியில் ஏறிவிட்டாள். செய்ய வேண்டியது எதுவும் மிச்சமில்லாத முதல் நிமிடம் அதுதான். அந்த நிமிடத்தில் தங்கை போகிற துக்கம், நல்லபடியாக முடித்தோம் என்ற நிம்மதி, அவள் முகத்தில் பார்த்த சந்தோஷம், அந்த இடத்தில் நிற்கவேண்டியவர் நிற்கவில்லை என்ற வெறுமை எல்லாம் சேர்ந்துதான் வந்திருக்கும். அது ஆனந்தக் கண்ணீரா, அப்பாவுக்கான கண்ணீரா என்று நீங்கள் பிரிக்கப் பார்க்கிறீர்கள். பிரிக்க முடியாது. பிரிக்கவேண்டிய அவசியமும் எனக்குத் தெரியவில்லை.

பழைய தமிழ்ப் புலவர்கள் இந்தக் கலப்புக்குப் பாட்டிலே இடம் கொடுத்திருக்கிறார்கள். புறநானூற்றில் 277ஆம் பாட்டு, பூங்கணுத்திரையார் பாடியது. கொக்கு இறகு போல நரைத்த தலை கொண்ட கிழவிக்கு, மகன் போரில் யானையை வீழ்த்தித் தானும் இறந்தான் என்று செய்தி வருகிறது. அவனைப் பெற்ற நாளைவிடப் பெரிய மகிழ்ச்சி அவளுக்கு. கண்ணீரோ, மழைக்குப் பிறகு மூங்கிலில் தொங்கும் துளிகளைவிட அதிகம். இதன் துறையை உவகைக் கலுழ்ச்சி, அதாவது மகிழ்ச்சியில் அழுவது, என்று குறித்திருக்கிறார்கள். போரைப் புகழ்ந்த காலத்துப் பாட்டு. அந்தத் தாய்க்கு உள்ளே உண்மையில் மகிழ்ச்சிதான் இருந்ததா என்று எனக்கு எப்போதும் சந்தேகம் உண்டு. மகிழ்ச்சியையும் கண்ணீரையும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் வைத்துப் பாடியது மட்டும் மருத்துவமனையில் நான் பார்ப்பதற்கு மிக நெருக்கமாக இருக்கிறது. சந்தோஷத்தில் அழுவதைப் பற்றி ஓரியானா அராகோன் என்ற உளவியலாளரும் கூட இருந்தவர்களும் 2015ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தாங்கமுடியாத சந்தோஷத்தை எதிர்மாறான அடையாளத்தோடு, அதாவது அழுகையோடு, காட்டுகிறவர்கள் அந்தக் கொந்தளிப்பிலிருந்து சீக்கிரம் சமநிலைக்கு வருகிறார்கள் என்பது அவர்கள் பார்த்தது. அழுததால்தான் சமநிலை வந்ததா, வேறு காரணமா என்பதை அந்த ஆய்வு முடிவாகச் சொல்லிவிடவில்லை.

சந்தேகத்துக்குரிய விஷயங்களுக்கு வந்துவிட்டோம், இங்கே கொஞ்சம் நிற்கிறேன். உங்கள் பதிவுக்குக் கீழே சிலர், ‘துக்கத்தை அடக்கி வைத்தால் பின்னால் வெடிக்கும், நோயாகத் திரும்பும், அழுதே தீரவேண்டும்’ என்று பயமுறுத்தியிருக்கிறார்கள். நான் படிக்கிற காலத்திலும் இதைத்தான் உறுதியாகச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆதாரம் அவ்வளவு உறுதியாக இல்லை. அமெரிக்காவில் முதியவர்களை, கணவனோ மனைவியோ இறப்பதற்கு முன்பிருந்தே தொடர்ந்து கவனித்து, இறந்தபின் 18 மாதம் வரை பார்த்த ஆய்வு ஒன்றை ஜார்ஜ் பொனானோவும் மற்றவர்களும் 2002ல் வெளியிட்டார்கள். பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் பெரிதாக நிலைகுலையாமலே இழப்பைக் கடந்திருந்தார்கள். அவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்றோ, துணையோடு ஒட்டாமல் வாழ்ந்தவர்கள் என்றோ காட்டும்படி எதுவும் கிடைக்கவில்லை. முதலில் கலங்காமல் இருந்து பிறகு வெடித்தவர்கள் மிகச் சிலரே. துக்கத்துக்கு ஐந்து படிகள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அது எலிசபெத் க்யூப்ளர் ராஸ் 1969ல் எழுதியதிலிருந்து வந்தது. அவர் அதை எழுதியது, தாங்கள் சாகப்போகிறோம் என்று தெரிந்த நோயாளிகளிடம் பேசி. இழந்து நிற்பவர்கள் எல்லோரும் அந்தப் படிகளில் வரிசையாக ஏறவேண்டும் என்று எந்த விதியும் கிடையாது.

‘அழுதால் உடம்பில் இருக்கும் நச்சு வெளியேறும்’ என்பதும் அப்படித்தான். மேலே சொன்ன ஃப்ரே, மனம் கலங்கி வரும் கண்ணீரில் வெங்காயக் கண்ணீரைவிடப் புரதம் அதிகம் என்று கண்டார், அதை வைத்து இந்த யோசனையைச் சொன்னார். புரதம் கூடுதல் என்பது ஓர் அளவீடு. நச்சு போகிறது, அதனால்தான் மனசு லேசாகிறது என்பது யூகம், இதுவரை யாரும் மெய்ப்பிக்கவில்லை. அழுதால் மனசு லேசாகும் என்பதாவது உண்மையா என்றால், ஆமாம், ஆனால் எல்லா நேரமும் அல்ல. ஆட்களைக் கேட்டால் பெரும்பாலோர் லேசானது என்றுதான் சொல்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் சோகப்படம் காட்டி அளந்தால் அழுதவர்களின் மனநிலை உடனே இன்னும் கீழேதான் போகிறது. நெதர்லாந்தில் 2015ல் செய்த ஓர் ஆய்வில் மட்டும் நேரம் விட்டு விட்டு அளந்தார்கள். படம் முடிந்ததும் கீழே போன மனநிலை 20 நிமிடத்தில் பழைய இடத்துக்கு வந்தது, 90 நிமிடத்தில் படத்துக்கு முந்தைய நிலையைவிட நன்றாக இருந்தது. சிறிய ஆய்வு, அதிகம் நம்பவேண்டாம். என் வேலையில் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதுதான்: பக்கத்தில் ஒருவர் பேசாமல் உட்கார்ந்திருந்தால் அழுகை லேசாக்கும். ‘ஐயோ, எல்லாரும் பாக்குறாங்களே’ என்று கூசிக்கொண்டு அழுதால் பாரம் கூடும். நீங்கள் கல்யாண வீட்டு வாசலில், வீடியோக்காரர் கேமராவுக்கு முன்னால் அழுதிருக்கிறீர்கள். லேசாகவில்லை என்று நீங்கள் எழுதியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

சரி, எப்போது டாக்டரைப் பார்க்கவேண்டும்? துக்கம் நீடித்து ஆளை முடக்கிப்போடுவதை இப்போது ஒரு நோயாகவே வகைப்படுத்தியிருக்கிறார்கள். 2022ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் அதற்கு ஆறு மாதம் என்று எல்லை வைக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேட்டின் அதே ஆண்டுப் பதிப்பு, பெரியவர்களுக்கு ஒரு வருடம் என்கிறது. இரண்டு பெரிய அமைப்புகளுக்கே எல்லையில் ஒத்த கருத்து இல்லை பாருங்கள். மாதக் கணக்கைவிட நான் கவனிப்பது வேறு: நாள் முழுக்க இறந்தவர் நினைவு தவிர வேறு எதுவும் ஓடாமல் இருப்பது, வேலைக்குப் போகமுடியாமல் போவது, சாப்பாடும் தூக்கமும் வாரக்கணக்கில் கெட்டுப்போவது, குடி கூடுவது, வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றுவது. கடைசியாகச் சொன்னது ஒரு நாள் வந்தாலும் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலிமனஸ் எண்ணில் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. நீங்கள் வேலைக்குப் போகிறீர்கள், தூங்குகிறீர்கள், ஒரு கல்யாணத்தையே நடத்தி முடித்திருக்கிறீர்கள். இந்த அடையாளங்கள் எதையும் நீங்கள் எழுதவில்லை.

கண்ணீர் மட்டும் தனியாகக் கோளாறு செய்யும் நோய்களும் உண்டு, உங்களுக்கு இருப்பதாகச் சொல்லவில்லை, படிக்கிற மற்றவர்களுக்காக. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் அழுகையை மழுங்கடிக்கும். ‘அழணும்போல இருக்கு, வரமாட்டேங்குது’ என்பார்கள். மாத்திரையைத் தானாக நிறுத்தாமல் எழுதிக்கொடுத்தவரிடம் சொன்னால் அளவை மாற்றுவார். பக்கவாதம் வந்தவர்களில் சிலர், துக்கமே இல்லாமல் தேம்புவார்கள், டிவி விளம்பரத்துக்குக்கூட. வீட்டில் அதைப் பலவீனம் என்று நினைத்து அதட்டுவார்கள். அது மூளையில் கட்டுப்படுத்தும் பாதை பழுதானதால் வருவது, மருந்து இருக்கிறது. முகவாதம் வந்து குணமானபிறகு சாப்பிடும்போது ஒரு கண்ணில் மட்டும் நீர் கொட்டுகிறதா? எச்சிலுக்குப் போகவேண்டிய நரம்பிழைகள் வழிமாறிக் கண்ணீர்ச் சுரப்பியில் போய்ச் சேர்ந்திருக்கும். அதற்கும் மனதுக்கும் சம்பந்தமே இல்லை.

அத்தை சொன்னதைப் பற்றி ஒன்று. அவர் உங்கள் அப்பாவின் கூடப்பிறந்தவர். அன்றைக்கு அவரும் ஒருவரை இழந்திருக்கிறார், உங்களுக்கு அப்பா, அவருக்கு அண்ணன். தான் கதறுகிற அளவுக்கு எதிரில் நிற்பவரும் கதறினால்தான் தன் அண்ணனுக்கு மரியாதை என்று அந்த நேரத்தில் தோன்றும். சாவு வீட்டில் யார் அழுதார்கள், யார் அழவில்லை என்று கணக்கெடுப்பவர்கள் பெரும்பாலும் அங்கே அதிகம் நொந்து கிடப்பவர்கள்தான் என்பது நான் பார்த்தது. அந்த வார்த்தையை உங்கள் பாசத்துக்குக் கொடுத்த மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்ளவேண்டாம்.

அம்மா பேசாமல் இருப்பதற்கு நீங்கள் அழுததுதான் காரணம் என்று முடிவு கட்டியிருக்கிறீர்கள். ‘நல்ல காரியத்தில் அழுது அபசகுனம் பண்ணிட்டேன்னு கோபமா’ என்று கேட்கிறீர்கள். இருக்கலாம், அம்மாவை நான் பார்த்ததில்லை. நீங்கள் எழுதிய இன்னொரு வரியை மறுபடி படித்துப் பாருங்கள். தான் பெற்ற மகளுக்குத் தாரை வார்க்க வேறு ஒரு தம்பதி உட்கார, அம்மா பின்வரிசையில் இருந்திருக்கிறார். புருஷன் போய் ஏழு மாதம். பேச்சுத்துணையாக இருந்த மகளும் இப்போது வீட்டில் இல்லை. இந்த வீட்டில் அழாமல் இருந்தவர் நீங்கள் ஒருவர்தானா? கல்யாண வேலையில் அவரும் ஆறு மாதம் முறுக்கேறித்தான் இருந்திருப்பார். உங்களுக்காவது கார் கதவு கிடைத்தது. சகுனம் பார்த்து ஒதுங்கி உட்கார்ந்த பெண்மணிக்கு, அந்த நல்ல நாளில் தன் கண்ணில் நீர் வரக்கூடாது என்ற பயம் எவ்வளவு இருந்திருக்கும்! ஆகவே ‘என் மேல கோபமாம்மா’ என்று ஆரம்பிக்காதீர்கள், பேச்சு உங்களைப் பற்றியதாகிவிடும். ராத்திரி சாப்பிட்டபிறகு பக்கத்தில் உட்கார்ந்து, ‘அப்பா இருந்திருந்தா மண்டபத்துல யார்கிட்ட சண்டை போட்டிருப்பாரு’ என்று கேட்டுப்பாருங்கள். அம்மா சிரிக்கலாம், அழலாம், எழுந்து உள்ளே போய்விடலாம். போனால் விட்டுவிட்டு இரண்டு நாள் கழித்து வேறு ஒன்றைக் கேளுங்கள்.

இன்னும் ஐந்து மாதத்தில் தலைத் திவசம் வரும். அந்தத் தேதிக்கு ஒரு வாரம் முன்பிருந்தே தூக்கம் குறைவது, எரிச்சல் வருவது, திடீரென்று கண் கலங்குவது எல்லாம் சகஜம். அழுகை வரலாம், வராமலும் போகலாம். அன்றைக்கு ஐயருக்குச் சொல்வது, சமையல், காய்கறி, வருகிறவர்களுக்கு இலை போடுவது எல்லாவற்றையும் தம்பியிடமும் புது மாப்பிள்ளையிடமும் இப்போதே பிரித்துக் கொடுத்துவிடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருவர் உங்களிடம் வந்து ‘இது என்ன பண்ணலாம்’ என்று கேட்டால், ‘எனக்குத் தெரியாது, தம்பிகிட்ட கேளுங்க’ என்று சொல்லிவிட்டு அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள்.